எண்ணெய்ச் சட்டி வைக்காத தட்டு

1

எங்கள் கோயில் பெண்கள் சங்கத்தில் என்னைப் பாட்டுக்காகவோ பக்திக்காகவோ யாரும் அறிய மாட்டார்கள். தட்டுக்காக அறிவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ரங்கூனில் இருக்கிற நம் ஊர்ப் பெண்கள் இரண்டு பேராவது என் வீட்டு மரப்படி ஏறி வந்து, "ரோஸ்லின், உங்க தட்டை எப்படி அடுக்குறதுன்னு ஒரு தரம் சொல்லுங்களேன்" என்று கேட்காமல் இருப்பதில்லை. இந்த வருஷம் சங்கத்துக் காரியதரிசி அம்மாள் அதை எழுதியே கொடுக்கச் சொன்னார். நானும் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முறை ஒன்றும் பிரமாதமில்லை. பர்மாக்காரர்கள் ஊறவைத்த தேயிலையும் வறுத்த பயறும் வைத்து விருந்தாளிக்கு நீட்டுவார்கள். அதற்கென்று அறை அறையாகத் தடுத்த வட்டமான அரக்குத் தட்டு உண்டு. அதில் பெரிதாக ஒன்று வேண்டும். நடு அறையில் ஆரஞ்சுச் சுளை. சுற்றியுள்ள அறைகளில் இனிப்பும் உப்பும் மாறி மாறி வர வேண்டும். பேரீச்சம்பழம், பக்கத்தில் உப்புப் போட்ட முந்திரி, பிறகு உலர்ந்த திராட்சை, பிறகு கடைத்தெருவில் வறுத்து விற்கிற பட்டாணி. ஓர் அறையில் சீமை டின் பிஸ்கோத்தைச் சாய்த்துச் சாய்த்து விசிறி மாதிரி வைக்க வேண்டும். இன்னோர் அறையில் டின் சீஸைச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பல்குச்சி. ரொட்டிக் கடைக் கேக்கை விரல் அளவுக்கு நறுக்கி ஓரத்தில் சாத்திவிட்டால் முடிந்தது. அடுப்பு மூட்ட வேண்டாம், புகை வேண்டாம், கையில் பிசுக்கு வேண்டாம். அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கௌரவமான தட்டு.

இதுவரை எழுதிவிட்டேன். என் மகள் ஐரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பவள் மாதிரிப் பேசுவாள்.

"இந்த வருஷமும் இதையே வைக்கலாமே மம்மி. ராயபுரம் பாட்டி செத்துப்போச்சு, அதனால எண்ணெய் சட்டி வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. இதுலதான் எண்ணெய் சட்டியே இல்லையே" என்றாள்.

அவள் குறும்பாகச் சொல்லவில்லை. யோசனையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தில் பளாரென்று அறை விழுந்த மாதிரி இருந்தது. இதே நியாயத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். என் புகழ்பெற்ற தட்டு பிறந்தது அப்படித்தான். சங்கத்துக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ராயபுரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

2

நம் தெருவில் இருப்பவர்களுக்கு வழக்கம் தெரியும். மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் வீடு மாற்றி வீடு எண்ணெய்ச் சட்டி ஏறும். இன்று இவள் வீட்டில் கல்கலா என்றால் பெண்கள் எல்லோரும் சீப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய், மாவை உருட்டிச் சீப்புப் பல்லில் அழுத்திச் சுருட்டுவோம். நாளை அடுத்த வீட்டில் அச்சுமுறுக்கு. பண்டிகையன்று தட்டுகள் துணி மூடிக்கொண்டு தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடக்கும். வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் சட்டி ஏறாது. பண்டிகையன்று அந்த வீட்டுக்குத் தெருப் பெண்கள் தட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கிள்ளித் துக்கக்காரர் வாயில் தாங்களே வைப்பார்கள். தட்டை அந்த வீட்டார் கழுவாமல், ஒன்றும் வைக்காமல், வெறுமையாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க எங்களிடம் இப்போது ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குப் பதில் அந்த வெறும் தட்டு.

என் நைனா துறைமுகத்தில் சரக்குப் படகு தள்ளியவர். அவருக்கு நான் ஒரே பிள்ளை. எம்டன் குண்டு போட்டுப் போன மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் தெற்கேயிருந்து ராயபுரத்துக்கு வந்து கடை வைத்த குடும்பம். மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். சண்டை ஓய்ந்த பிறகு நெல் கம்பெனியில் வேலை கிடைத்து ரங்கூனுக்கு வந்தோம். கப்பலேறும் இடத்தில் டாக்டர் என் கையில் அம்மை குத்திய தழும்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கம்பிக்கு அந்தப்புறம் நைனா நின்று, தன் புஜத்தைக் காட்டி, "இங்க கீது பாரு, இங்க!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பர்மாவைத் தனியாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. அதற்காக இருக்குமோ என்னவோ, ஒரு ஆபீஸில் நமூனாப் படிவம் ஒன்று நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் தடவை, ராயபுரம் என்பது ஊரே இல்லை, பட்டணத்தில் ஒரு பேட்டை என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை, கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை குமாஸ்தா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "முன்னே கொடுத்ததில் தகப்பனாருக்குத் துறைமுக உத்தியோகம்னு இருக்கு, இதில் படகுக்காரர்னு இருக்கு. எதும்மா நிஜம்?" என்று கேட்டார். முன்னே எழுதியதும் நான்தான். படகுதான் நிஜம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்வதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

3

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

இவர் அப்போது கோடவுனில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். காலை முதல் மாலைவரை உமித் தூசு. இருமல் நிற்கவே இல்லை. ஆபீஸ் மாடியில் ஒரு மேஜை காலியாயிற்று. யாரை ஏற்றுவது என்று ஹெட்கிளார்க் சொல்ல வேண்டும். அவர் பட்டணத்துத் தமிழர்தான், வேப்பேரிப் பக்கம். அவர் மனைவி தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பார். இரண்டு பேரும் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆபீஸில் இன்னும் இரண்டு குடும்பங்களும் வருவதாக ஏற்பாடு. இவர் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்தார். நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று "வூடு" என்பதை "வீடு" என்று சொல்லப் பழகினேன்.

பலகாரம் செய்ய ஆரோக்கியம் அக்கா வருவதாக இருந்தது. அக்கா நம் தெருதான். அவள் வீட்டுக்காரர் ரங்கூன் துறையில் பாரம் தூக்கும் யந்திரம் ஓட்டினார். நான் கப்பலிலிருந்து இறங்கிய அன்று எனக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள். ஐரின் பிறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளும் அவள்தான்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் இவர் ஆபீஸிலிருந்து பாதி நாளில் வந்தார். கையில் கடிதம். நைனா இறந்துவிட்டார். மார்வலி என்று படகோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அடக்கமும் முடிந்துவிட்டது.

இவர் நல்லவர். அதைச் சொல்லத்தான் வேண்டும். "அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடறேன் ரோஸ். மேஜை போனாப் போகட்டும்" என்றார்.

வேண்டாம் என்றது நான்.

அழுதேன். அழவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அழுதுகொண்டே யோசித்தேன். கடிதம் எனக்குத்தானே வந்திருக்கிறது, ரங்கூனில் வேறு யாருக்குத் தெரியும்? நான்கு நாள் கழித்து வந்ததாக வைத்துக்கொண்டால் என்ன? அப்புறம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல் இருந்தால் துக்கம் காத்ததாகவும் ஆயிற்று. எல்லாம் கடையில் வாங்கியதாக, எதுவும் பொரிக்காததாக ஒரு தட்டு வைத்தால் நைனாவுக்கும் குறையில்லை, இவருக்கும் குறையில்லை. இப்படி ஒரு வக்கீல் எனக்குள் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடிதத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் போய் அரக்குத் தட்டு வாங்கினேன்.

ஆரோக்கியம் அக்காவுக்கு மட்டும் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு வேறு. "எங்க வீட்டில இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கல, அக்கா சிரமப்பட வேணாம்னு மட்டும் சொல்லுங்க" என்று இவரை அனுப்பினேன். அவரும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லையாம். தலையை மட்டும் ஆட்டினாளாம்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கடிதம் வந்த அதே கப்பலில் நம் தெருச் சவரியும் கப்பல் வேலையாக வந்திருந்தான். வந்தவன் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போயிருக்கிறான். நைனா போன சேதி எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். சட்டி வைக்கவில்லை என்று நான் சொல்லியனுப்பியதை, பெண் துக்கம் காக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? முறைப்படி பண்டிகையன்று தட்டோடு வரலாம் என்று காத்திருந்தாள்.

4

கிறிஸ்துமஸ் அன்று மாலை நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சிவப்புப் பட்டைக் கட்டியிருந்தேன். தலை நிறையப் பூ. அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. தட்டை நடுமேஜையில் வைத்ததும் ஹெட்கிளார்க் மனைவி கையைத் தட்டினார்.

"ஹவ் நைஸ்! நம்ம ஜனங்க பண்டிகைன்னா எண்ணெயில குளிச்ச மாதிரி இருப்பாங்க. நீங்க எவ்வளவு நாகரிகமா வச்சிருக்கீங்க, மிஸஸ்" என்றார்.

இவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில் நைனா என் நினைவில் இல்லை. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

அப்போது மரப்படியில் காலடிச் சத்தம். செருப்பில்லாத கால்கள். ஆரோக்கியம் அக்கா வாசலில் வந்து நின்றாள். வெளுத்த நூல் புடவை, தலையில் முக்காடு, கையில் துணி மூடிய தட்டு. பின்னால் நம் ஊர்ப் பெண்கள் இருவர், அவர்கள் கையிலும் தட்டு. அவர்களுக்குப் பின்னால் சவரி.

அக்கா என் பட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். அப்படியும் அவளுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. முகம் பதறிப்போய், என் அருகில் வந்து, "ரோசு, உனுக்கு இன்னும் சேதி வர்லியா?" என்று கேட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜத்தைச் சொல்லத் தைரியமும் வரவில்லை. "வந்துச்சுக்கா. மெதுவாப் பேசு" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அதற்குள் சவரி முன்னால் வந்துவிட்டான். பாவம், அவனுக்கு இந்தச் சூட்சுமம் எல்லாம் தெரியாது. கண் கலங்கியிருந்தது. "ரோசு, நான் கூடவே இருந்தேன். கடைசி வரிக்கும் தோள் குடுத்தது நாந்தான். உன்னத்தான் கேட்டுகினு..." என்று ஆரம்பித்தான்.

ஹெட்கிளார்க் மனைவி திரும்பிப் பார்த்தார். "ஹூ ஆர் தீஸ் பீப்பிள்? யாரு இவங்க?"

நான் தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்துச் சவரியின் கையில் திணித்தேன். "சாப்பிடு சவரி, பண்டிகைக்கு வந்துட்டு" என்று சிரித்தேன். பிறகு அந்த அம்மாளிடம், "நம்ம பக்கத்து ஜனங்க. கிறிஸ்துமஸ் தட்டு கொண்டுவந்திருக்காங்க" என்றேன். வார்த்தை சுத்தமாக வந்தது. பழகியிருந்தேன் அல்லவா.

அந்த அம்மாள் எழுந்து வந்து அக்காவின் தட்டிலிருந்து துணியை விலக்கி, "ஓ, கல்கலா!" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார். என் வாயில் வைக்க வேண்டியது அது. நைனாவுக்காக அக்கா சுருட்டியது. "பிரமாதம். நீங்களே செய்யச் சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மூன்று தட்டில் இருந்ததையும் வாங்கி என் தட்டைச் சுற்றிக் கொட்டினேன். எல்லோரும் ஆசையாக எடுத்துக்கொண்டார்கள்.

வெறும் தட்டுகள் என் கையில் இருந்தன. அக்கா குரலைத் தாழ்த்தி, நான் சொன்னபடியே மெதுவாக, "காலியா குடு ரோசு. வேற ஒன்னியும் வாணாம். காலியா மட்டும் குடு" என்றாள்.

இப்போது நினைத்தால், அவள் எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெறும் தட்டை நீட்டியிருந்தால் போதும். பட்டும் பூவும் கிராமபோனும் எப்படியோ போகட்டும், எங்கள் ஐந்து பேருக்குள் நைனா இறந்தவராக இருந்திருப்பார். ஆனால் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்புகிற வீடு என்று அந்த அம்மாள் நினைப்பாரே என்று எனக்குப் பயம்.

"நல்லாருக்கே! நல்ல நாளும் அதுவுமா காலியா எப்படிக் குடுப்பேன்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, மூன்று தட்டிலும் பிஸ்கோத்தை அடுக்கிக் கொடுத்தேன்.

அக்கா வாங்கிக்கொண்டாள். நாலு பேரும் இறங்கிப் போனார்கள்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போகக் கீழே இறங்கியவர் திரும்பி மேலே வந்தார். கடைசிப் படியில் பிஸ்கோத்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றார். சவரி கையில் கொடுத்ததும் அதில் இருந்தது.

5

மேஜை இவருக்குக் கிடைத்தது. இருமல் நின்றது. தட்டின் புகழும் பரவிற்று. ஹெட்கிளார்க் மனைவி தன் வீட்டு விருந்துக்கே என்னைக் கூப்பிட்டு அடுக்கச் சொன்னார்.

நான் மட்டும் ஒவ்வொரு தபால் கப்பலுக்கும் செத்துச் செத்துப் பிழைத்தேன். சவரி ராயபுரத்துக்குத் திரும்பியிருப்பான். தெருவுக்கே சொல்லியிருப்பான். அம்மா காறித் துப்பி எழுதப் போகிறாள் என்று காத்திருந்தேன். பிப்ரவரியில் கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்லத் தெருவில் யாரோ எழுதியது:

"ஆரோக்கியம் எல்லாத்தியும் எழுதிச்சி. சவரியும் வந்து சொன்னான். நீ மூணு நாளு பாய உட்டு எழுந்திருக்கவே இல்லியாமே. ஆரோக்கியம் ஊட்டித்தான் துன்னியாமே. தட்ட காலியா குடுக்கும்போது கைய புடிச்சிகினு அப்டி அழுதியாமே. கடுதாசிய நடுத்தெருவுல படிக்கச் சொன்னேன், அல்லாரும் கேட்டு அழுதாங்கோ. ஆம்பளப் புள்ள இல்லாத மனுசன்னு இனிமே எவளும் உங்க நைனாவ சொல்ல மாட்டா. உடம்ப பாத்துக்கோ கண்ணு."

அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னைக் காப்பாத்திட்டியேக்கா" என்று அழுதேன்.

"உனுக்கோசரம் எழுதல" என்றாள் அக்கா. "அந்தம்மா அங்க தனியா குந்திகினு கீது. அதுக்கோசரம் எழுதுனேன். சவரிக்கும் அப்டித்தான் சொல்லியனுப்பினேன்."

"நானே அம்மாவுக்கு நிஜத்தை எழுதிடறேன்க்கா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். "எழுதி? உன் பாரத்த எறக்கி அது தலையில வெப்பியா? வாயத் தொறக்காத. அது உயிரோட கீற வரிக்கும் நல்ல பொண்ணுன்னு சொல்லும், கேட்டுகினு இரு. அது போன பெறவு நீயே உன் வாயால சொல்லு, தெருவுக்கு."

பிறகு வெகு நாள் அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஏறத் தொடங்கிய பிறகும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாலு வருஷம் கழித்து ஐரினைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். வீடு வீடாகக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டீர்கள். "பெத்தா ரோசு மாதிரி ஒன்னு பெக்கணும்" என்று உங்கள் பெண்களிடம் என்னைக் காட்டிச் சொன்னீர்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரி தெருமுனையில் வலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டான். திரும்புவதாக இருந்த நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே கப்பலேறினேன். ரங்கூனில் தலைக்குமேல் வேலை இருக்கிறது என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

இந்த வருஷம் ஆகஸ்டில் அம்மா போய்விட்டாள். என்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்துக்கொண்டு போனாள்.

நம் தெருவில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் பாயில் விழவில்லை. என் நைனாவின் சாவு தெரிந்து மூன்றாம் நாள், பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, விருந்தாளிகளுக்குத் தட்டு நீட்டிக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு வந்தவர்களைப் பண்டிகைத் தட்டு கொண்டுவந்த ஜனங்கள் என்றேன். ஆரோக்கியம் அக்கா எழுதியதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அந்தக் கடிதத்தை நடுத்தெருவில் உரக்கப் படித்தீர்கள். இதையும் அப்படியே படியுங்கள்.